எத்தனை கிலோ

2025 மே மாதம் முதல் வாரம் எங்கள் துறையின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு காணொளி வந்தது. விடைத்தாள் திருத்தும் பணி, தேர்வு அட்டவணை என்று ஓடிக்கொண்டிருந்த செய்திகளுக்கு நடுவே அது வந்து விழுந்தது. வயதான ஓர் அம்மா குனிகிறார். இரு பக்கமும் வட்டு மாட்டிய இரும்புக் கம்பியைப் பற்றுகிறார். நிமிர்கிறார். சுற்றியிருப்பவர்கள் கூச்சலிடுகிறார்கள். கம்பியைக் கீழே வைக்கிறார். அவ்வளவுதான்.

திண்ணையில் புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்த அம்மாவிடம் போனைக் காட்டினேன். என் அம்மாவுக்கு எழுபத்து நான்கு வயது. கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு பார்த்தார். இன்னொரு முறை போடச் சொன்னார். பிறகு கேட்டார்.

"ஏங் கண்ணு, அந்த ஆத்தாளுக்கு அடி எறங்கலையாமா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அம்மாவே அடுத்த கேள்வியையும் கேட்டார்.

"சரி, எடுத்த எடத்துலயே திருப்பி வெச்சுப்போட்டாங்களே. அப்பறம் என்னத்துக்கு எடுத்தாங்க?"

இந்த இரண்டு கேள்விகளும் பல மாதங்களாக என்னோடு இருக்கின்றன. முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வில்கூட என்னை யாரும் இப்படி மடக்கியதில்லை.

காணொளியில் இருந்தவர் கிட்டம்மாள். பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர். வயது 82. அந்த மே 1ஆம் தேதி கோவை குனியமுத்தூரில் நடந்த வலுதூக்கும் போட்டியில் பெண்களுக்கான பொதுப்பிரிவில் கலந்துகொண்டு, டெட்லிஃப்ட் முறையில் 50 கிலோ தூக்கினார். அவரோடு போட்டியிட்டவர்கள் பேத்தி வயதுப் பெண்கள். மொத்தம் 17 பேரில் ஐந்தாவது இடம். உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகும் பேரன்களைப் பார்த்து ஆர்வம் வந்து, ஒரு மாத காலம் முறையாகப் பயிற்சி எடுத்திருந்தார். அதற்கு முன்பே வீட்டில் 25 கிலோ அரிசிச் சிப்பத்தைத் தூக்கி வைப்பதும் தண்ணீர்க் குடம் சுமப்பதும் அவருக்குப் பழக்கம்தான்.

குழுவில் வந்த எதிர்வினைகளைப் படித்தேன். "அந்தக் காலத்துச் சாப்பாடு அப்படி." "ராகிக்களி, கம்மஞ்சோறு தின்ன உடம்பு." "இந்தக் காலப் பெண்களால் முடியுமா?" கைகூப்பும் படங்கள், தசை முறுக்கும் கைப் படங்கள். பாராட்டத்தான் செய்தார்கள். ஆனால் அந்தப் பாராட்டில் கிட்டம்மாளைத் தவிர மற்ற எல்லாம் இருந்தன. ராகி இருந்தது, கம்பு இருந்தது, பழைய காலம் இருந்தது, இந்தக் காலப் பெண்கள்மீது ஒரு குட்டும் இருந்தது. ஒரு மாதம் தினமும் கூடத்துக்குப் போனது, எப்படிக் குனிவது, எங்கே மூச்சைப் பிடிப்பது என்று 82 வயதில் புதிதாகக் கற்றுக்கொண்டது, போட்டிக்குத் தன் பெயரைக் கொடுத்தது, இவை எதையும் யாரும் குறிப்பிடவில்லை.

ராகிக்களி தின்ற உடம்பு என்றால் என் அம்மாவும் அதைத்தான் தின்றார்.

*

எங்கள் ஊர் கிணத்துக்கடவுக்குத் தெற்கே. எங்கள் தோட்டத்துச் சாளையில் குழாய் வருவதற்கு முன்பு தண்ணீர் கிணற்றிலிருந்துதான் வர வேண்டும். மாட்டுக்கு, ஆளுக்கு, சமையலுக்கு, குளிக்க எல்லாவற்றுக்கும் அம்மாதான். தலையில் சும்மாடு, அதன்மேல் ஒரு குடம், இடுப்பில் ஒரு குடம். பருத்தி எடுக்கிற காலத்தில் பருத்தி மூட்டை. சோளம் அறுத்தால் தட்டுக்கட்டு. ஆட்டாங்கல்லில் மாவாட்டுவது, பருத்திக்கொட்டை ஆட்டி மாட்டுக்கு வைப்பது. அம்மாவுக்கு நான்கு பிரசவம். நாங்கள் இரண்டு பேர் தங்கினோம். மூன்றாவது பிரசவம் முடிந்த பதினைந்தாம் நாள் குடத்தை எடுத்ததாக ஒருமுறை சொல்லியிருக்கிறார். புகார் சொல்கிற குரலில் சொல்லவில்லை. அன்றைக்கு மழை வந்தது என்பதுபோலச் சொன்னார்.

ஐம்பது வயதைத் தொடுவதற்கு முன்பே அம்மாவுக்கு அடி இறங்கிவிட்டது. கர்ப்பப்பை இறக்கம் என்று மருத்துவர் எழுதினார். இரண்டு வருடம் யாரிடமும் சொல்லாமல் பழைய சேலைத் துணியைக் கட்டிக்கொண்டே வேலை செய்திருக்கிறார். சிறுநீர் அடைத்துக்கொண்டு காய்ச்சல் வந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. அறுவைச் சிகிச்சை செய்து கர்ப்பப்பையை எடுத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது மருத்துவர் சொன்ன ஒரே அறிவுரை: "இனிமேல் கனமாக எதையும் தூக்கக் கூடாது." அம்மா தலையாட்டினார். முப்பது வருடத்துக்கு முன்பே யாராவது சொல்லியிருக்க வேண்டிய வாக்கியம் அது. அப்போது சொல்லியிருந்தாலும் தண்ணீர் தானாக வந்திருக்காது.

அடிக்கடி பிரசவம், பிரசவத்துக்குப் பின் ஓய்வின்மை, தொடர்ந்து கனமான சுமை என்று மருத்துவர்கள் இதற்கான காரணங்களை அடுக்குகிறார்கள். மூன்றுமே வீட்டில் யார் என்ன வேலை செய்கிறார்கள் என்பதைப் பற்றியவை. நேபாளத்தில் மலைக் கிராமப் பெண்களிடம் இது அவ்வளவு பரவலாக இருந்ததால், 2008இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமே இதைப் பெண்களின் இனப்பெருக்க உரிமை சார்ந்த பிரச்சினை என்று தீர்ப்பளித்தது. எங்கள் ஊரில் அது 'பொம்பளைச் சீக்கு'. சத்தமாகச் சொல்லக்கூடாதது.

அம்மா சுமந்ததைப் பற்றி எழுதும்போது இன்னொன்றையும் எழுதாமல் போனால் பொய்யாகிவிடும். எங்கள் தோட்டத்தில் அம்மாவைவிட அதிகம் சுமந்தவர்கள் இருந்தார்கள். கட்டுத்தரைச் சாணியை எருக்குழிக்கும், எருவைக் காட்டுக்கும் கூடை கூடையாகச் சுமந்த அருந்ததியர் தெருப் பெண்கள். என் பாட்டி வயதுப் பெண்களை நாங்கள் சின்னப் பிள்ளைகள் பெயர் சொல்லிக் கூப்பிட்டோம். அம்மாவின் தலைச்சுமையைப் பற்றிக் கவிதை எழுதிய நான், அவர்களுக்கு அடி இறங்கியதா, அதற்கு எந்த மருத்துவமனைக்குப் போனார்கள், போனார்களா என்பதை ஒருநாளும் கேட்டதில்லை. எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை. அம்மாவுக்காவது வண்டி கட்டிக் கூட்டிப்போக ஆள் இருந்தது.

அதனால்தான் "அந்தக் காலத்துப் பெண்களின் வலிமை" என்று யாராவது நெகிழும்போது எனக்குள் ஏதோ முரண்டு பிடிக்கிறது. அந்த வலிமைக்கு அந்த உடம்புகள் கொடுத்த விலை என்ன என்று எங்கள் வீட்டுத் திண்ணையில் தெரியும்.

*

என் தொழில் சங்க இலக்கியம் கற்பிப்பது. தோள் என்ற சொல் அங்கே எத்தனை இடத்தில் வருகிறது என்று மாணவிகளைத் தொகுக்கச் சொல்லியிருக்கிறேன். புறத்தில் ஆணின் தோள் போருக்கு உரியது. மலையைப் போன்றது. அகத்தில் பெண்ணின் தோள் மூங்கிலைப் போன்றது. அது அழகுக்கு உரியது, அணைப்புக்கு உரியது. தலைவன் பிரிந்தால் மெலியும், வளை கழலும். பெண்ணின் தோள் எதையாவது தூக்கியதா என்று கேட்டால், தினை குற்றியிருக்கிறது, நெல் குற்றியிருக்கிறது. உலக்கையை ஓங்கியபடி பெண்கள் பாடுவது வள்ளைப்பாட்டு என்று தனி வகையாகவே இருக்கிறது. சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதையில் அந்தப் பாட்டு வருகிறது. உலக்கை பிடித்த பெண்கள் அங்கே சோழனையும் பாண்டியனையும் சேரனையும் வாழ்த்துகிறார்கள். உலக்கை பிடித்த கையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

ஆணின் வலிமைக்கோ நம் ஊர்களில் ஒரு கல்லே நட்டு வைத்திருக்கிறோம். எங்கள் மாரியம்மன் கோயில் முன்னால் வழுவழுப்பான ஒரு உருண்டைக் கல் கிடக்கும். இளவட்டக்கல். கலியாணத்துக்கு நிற்கிற ஆம்பளைப் பையன் அதைத் தூக்கித் தோளுக்குக் கொண்டுவந்து பின்னால் போட வேண்டும் என்பது பழைய வழக்கம். யார் தூக்கினார், யார் முழங்காலோடு விட்டார் என்று ஐம்பது வருடக் கதை எங்கள் ஊர் ஆண்களிடம் இருக்கிறது. கல்லின் எடை ஆளுக்கு ஆள் மாறும், ஆனால் தூக்கியவரின் பெயர் மாறாது. அந்தக் கல்லுக்குப் பத்தடி தள்ளித்தான் பொதுக்கிணறு. கல்லைத் தாண்டித்தான் பெண்கள் குடத்தோடு போவார்கள். யாரும் எண்ணியதில்லை. இப்போது நெல்லை மாவட்டத்து வடலிவிளையில் பொங்கலுக்கு நடக்கும் இளவட்டக்கல் போட்டியில் பெண்களும் தூக்குகிறார்கள். அந்தச் செய்தியைப் பார்க்கும்போதெல்லாம் எங்கள் ஊர்க் கல் நினைவுக்கு வரும்.

*

அம்மாவின் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். எடுத்த இடத்திலேயே வைப்பதென்றால் எதற்காக எடுக்க வேண்டும்?

அதைப் புரிந்துகொள்ள விதிகளைப் படித்தேன். வலுதூக்குதலும் பளுதூக்குதலும் வேறு வேறு என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. பளுதூக்குதல் ஒலிம்பிக்கில் இருப்பது. கம்பியைத் தலைக்கு மேல் கொண்டுபோக வேண்டும். 2000ஆம் ஆண்டு சிட்னியில் கர்ணம் மல்லேஸ்வரி 69 கிலோ பிரிவில் மொத்தம் 240 கிலோ தூக்கி வெண்கலம் வாங்கினாரே, அது. ஒலிம்பிக்கில் பதக்கம் வென்ற முதல் இந்தியப் பெண் அவர். பெண்களுக்கு ஒலிம்பிக்கில் பளுதூக்க இடம் கொடுத்ததே அந்த ஆண்டுதான். ஆண்கள் 1896 முதல் தூக்கிக்கொண்டிருந்தார்கள்.

வலுதூக்குதல் ஒலிம்பிக்கில் இல்லை. அதில் மூன்று முறைகள். ஸ்குவாட்: கம்பியைத் தோளில் தாங்கிக் குந்தி எழுவது. பெஞ்ச் பிரஸ்: மல்லாந்து படுத்து நெஞ்சிலிருந்து மேலே தள்ளுவது. டெட்லிஃப்ட்: தரையில் கிடக்கும் கம்பியை நின்ற நிலைக்குத் தூக்குவது. ஒவ்வொன்றுக்கும் மூன்று வாய்ப்பு. மூன்று நடுவர்கள் மூன்று பக்கமும் உட்கார்ந்திருப்பார்கள். சரியாகத் தூக்கினால் வெள்ளை விளக்கு. மூன்றில் இரண்டு வெள்ளை வந்தால் அந்த எடை உங்கள் கணக்கில் எழுதப்படும்.

டெட்லிஃப்டில் முழங்கால் நேராகி, தோள் பின்னுக்குப் போய், அசையாமல் நிற்க வேண்டும். தலைமை நடுவர் கையை இறக்கி "டவுன்" என்று சொல்லும்வரை அப்படியே நிற்க வேண்டும். சொன்ன பிறகு இரண்டு கையாலும் கட்டுப்பாட்டோடு இறக்க வேண்டும். கையை விட்டுக் கம்பியைப் போட்டால் தூக்கியது செல்லாது. கீழே வைப்பதும் தூக்குவதில் சேர்த்திதான்.

இதைப் படித்தபோது அம்மாவின் கேள்வி வேறு மாதிரி கேட்டது. அம்மா தூக்கியது எல்லாம் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போனது. கிணற்றிலிருந்து அடுப்படிக்கு, காட்டிலிருந்து களத்துக்கு. ஒவ்வொரு சுமைக்கும் மறுமுனையில் அதைத் தின்பவர், குடிப்பவர், விற்பவர் ஒருவர் இருந்தார். தூக்கிய இடத்திலேயே வைக்கிற எடைக்கு மறுமுனையில் யாரும் இல்லை. அது தூக்கியவளுக்கு மட்டும்தான். 82 வயதில் கிட்டம்மாள் தூக்கிய 50 கிலோ யாருடைய வயிற்றுக்கும் போகவில்லை. நம் வீடுகளில் ஒரு பெண் தன் பலத்தை யாருக்கும் பயன்படாத வகையில் செலவழித்துப் பார்த்ததே இல்லை. அம்மாவுக்குப் புரியாமல் போனதில் வியப்பில்லை.

*

பெண்கள் தூக்குவதை எழுதி வைப்பதற்காக ஒருவர் போராட வேண்டியிருந்தது. அமெரிக்காவின் ஜான் டாட். பெயரைப் பார்த்து முதலில் ஆண் என்றே நினைத்தேன். 1977இல் மூன்று முறைகளிலும் சேர்த்து ஆயிரம் பவுண்டு, அதாவது ஏறத்தாழ 453 கிலோ, தூக்கிய முதல் பெண் அவர். உலகின் மிக வலிமையான பெண் என்று பத்திரிகைகள் எழுதின. ஸ்காட்லாந்தில் டின்னி கற்கள் என்று இரண்டு பாறைக் கற்கள் உண்டு. இரும்பு வளையம் மாட்டியவை, இரண்டும் சேர்ந்து 330 கிலோவுக்கு மேல். அந்த நாட்டு இளவட்டக்கல் என்று வைத்துக்கொள்ளலாம். 1979இல் அவற்றைத் தரையிலிருந்து எழுப்பிய முதல் பெண்ணும் அவர்தான். அடுத்து ஒரு பெண் அவற்றைத் தூக்க 2018 வரை, 39 வருடம் ஆனது.

எனக்கு அவரைப் பிடித்ததற்குக் காரணம் இந்த எண்கள் மட்டுமல்ல. தான் தூக்கியதோடு அவர் நிற்கவில்லை. அமெரிக்காவில் பெண்களுக்கென்று தனியாக முதல் தேசிய வலுதூக்கும் போட்டி 1977இல் நடந்தது. உலக அளவில் பெண்களுக்கான முதல் போட்டி 1980இல் நடந்தது. பெண்களுக்கான குழுக்களில் தலைமை ஏற்று, விதிகளையும் போட்டிகளையும் அமைத்தவர்களில் அவர் முதன்மையானவர். பிறகு முனைவர் பட்டம் வாங்கி, டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகி, பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கப் பெண்களின் உடற்பயிற்சி வரலாற்றை ஆராய்ந்து 1998இல் நூலாக வெளியிட்டார். உடலின் வலிமை பற்றிய நூல்களும் ஆவணங்களும் கொண்ட பெரிய காப்பகம் ஒன்றைக் கணவரோடு சேர்ந்து அதே பல்கலைக்கழகத்தில் உருவாக்கினார். தூக்கியதும் அவர், எழுதி வைத்ததும் அவர். இரண்டும் ஒரே கையால் நடந்தன.

எழுதி வைப்பது என்ற இடத்தில் என் சொந்தக் கதை ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடிக்க எனக்கு உரிமையில்லை.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு, நான் வகுப்புப் பொறுப்பாசிரியராக இருந்தபோது, இரண்டாமாண்டு மாணவி ஒருத்தி ஒரு தாளோடு வந்தாள். மாவட்ட அளவிலான வலுதூக்கும் போட்டிக்குப் போக வேண்டும், வருகைப் பதிவு கொடுங்கள் என்றாள். அவள் அப்பா இல்லை. அம்மா கட்டட வேலையில் சித்தாள். அப்போது என் முதல் கவிதைத் தொகுப்பு வந்திருந்தது. பெண்ணுடல் அரசியல் என்று மேடைகளில் பேசிக்கொண்டிருந்தேன். கையெழுத்துப் போடுவதற்கு முன் அவளிடம் கேட்டேன்.

"ஏம்மா, இதெல்லாம் பண்ணுனா உடம்பு ஆம்பளை மாதிரி ஆயிடாதா? நாளைக்குக் கலியாணம், குழந்தைன்னு இருக்குது. கர்ப்பப்பைக்கு எதாவது ஆனா?"

அக்கறையோடுதான் கேட்டதாக அப்போது நினைத்தேன். அம்மாவின் அறுவைச் சிகிச்சை என் மனதில் இருந்தது என்றும் சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் கேள்வியின் முதல் பாதி அம்மாவிடமிருந்து வந்ததல்ல. அது என்னுடையது.

அவள் சிரித்தாள். "எங்கம்மா தினமும் தூக்கறதைவிடக் கம்மிதாங்கம்மா தூக்கறேன். எனக்கு எழுதி வெக்கறாங்க, அவ்வளவுதான் வித்தியாசம்" என்றாள்.

கையெழுத்துப் போட்டேன். அடுத்த வாரம் அவள் வகுப்புக்கு வந்தாள். ஜெயித்தாயா என்று கேட்டேன். இரண்டாவது இடம் என்றாள். நல்லது, விட்டுப்போன பாடக் குறிப்பை வாங்கிக்கொள் என்றேன். எத்தனை கிலோ என்று நான் கேட்கவில்லை. மூன்றாமாண்டில் அவள் எந்தத் தாளோடும் என்னிடம் வரவில்லை. போட்டிக்குப் போவதை நிறுத்திவிட்டாளா, என்னிடம் கேட்பதை நிறுத்திவிட்டாளா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் நான் முயலவில்லை.

அவள் சொன்ன அந்த வாக்கியத்துக்கு இணையாக நான் இதுவரை ஒரு கவிதை எழுதியதில்லை.

*

கிட்டம்மாள் சாம்பியன் ஆகவில்லை. ஐந்தாவதாக வந்தார். செய்திகளில் அந்த 'ஐந்தாவது' பெரும்பாலும் ஒரு ஆச்சரியக்குறியோடு வந்தது. எனக்கு அந்த எண்ணின்மேல் தனி மரியாதை உண்டு. 82 வயதுப் பாட்டிக்கென்று தனிப் பரிசு, பொன்னாடை, கைதட்டல் என்று ஒதுக்கி உட்கார வைக்காமல், பொதுப்பிரிவில் நிறுத்தி, அளந்து, வரிசையில் வைத்து எழுதிய எண் அது. அவருக்குக் கீழே பன்னிரண்டு பேர். மேலே நான்கு பேர். அவர் தூக்கியது 50 கிலோ. நாற்பத்தொன்பது இல்லை, 'அந்தக் காலத்து வலிமை'யும் இல்லை. 50.

அவரால் முடிந்ததற்கு அவர் உடம்பு ஒரு காரணம். சத்தான உணவு ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் எடையை முதுகால் இழுக்காமல் காலால் எழுப்பக் கற்றுக்கொடுக்க ஓர் ஆள், மெல்ல மெல்ல எடை கூட்ட ஒரு மாத அவகாசம், தூக்கிய பிறகு ஓய்வு, "உன்னால முடியும் பாட்டி" என்று சொல்ல வீட்டில் ஒரு குரல், இவையும் காரணங்கள். கிணற்றடியில் என் அம்மாவுக்கு இவற்றில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. எருக்கூடை சுமந்தவர்களுக்கு அதுவும் இல்லை. ஒரே எடைதான். ஒன்று மேடைக்கு ஏற்றுகிறது, இன்னொன்று அடி இறக்குகிறது. எடைக்கும் உடம்புக்கும் நடுவில் யார் முடிவு எடுக்கிறார்கள் என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது. எப்போது தூக்குவது, எவ்வளவு தூக்குவது, எப்போது போதும் என்று கீழே வைப்பது. இந்த மூன்றையும் தானே முடிவு செய்யும் பெண்ணுக்கு அது விளையாட்டு. மற்றவர்கள் முடிவு செய்தால் அது சுமை.

என் நாற்பத்தாறாம் வயதில் எலும்பு அடர்த்திப் பரிசோதனை செய்த மருத்துவர், எலும்பு தேயத் தொடங்கியிருக்கிறது, நடைப்பயிற்சி மட்டும் போதாது, எடை தூக்கும் பயிற்சி செய்யுங்கள் என்றார். என் அம்மாவுக்கு ஒரு மருத்துவர் "தூக்காதே" என்றார், எனக்கு ஒருவர் "தூக்கு" என்கிறார் என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்தேன். வடவள்ளியில் ஓர் உடற்பயிற்சிக் கூடத்தில் சேர்ந்தேன். சேரும்போதே அம்மாவின் முதல் கேள்வியை அங்கிருந்த பயிற்சியாளரான இளம்பெண்ணிடம் கேட்டேன். அவள் என்னை ஓர் இயன்முறை மருத்துவரிடம் அனுப்பினாள். அவர் இடுப்புத்தளத் தசைகளைச் சோதித்து, மூச்சோடு சேர்த்து அவற்றை எப்படி இறுக்குவது என்று கற்றுக்கொடுத்த பிறகுதான் கம்பியைத் தொட்டேன். அடி இறக்கம் இருப்பவர்கள், பிரசவமாகிச் சில மாதமே ஆனவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எடையைத் தொடக்கூடாது என்பதையும் அவர் அழுத்திச் சொன்னார். அதை இங்கே எழுதிவைக்கிறேன்.

வெறும் கம்பி மட்டுமே 20 கிலோ. முதல் மாதம் அதோடு சரி. ஏழாவது மாதம் 40 கிலோ தூக்கினேன். அன்றைக்கு வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா சிரித்தார். "நாப்பதா? நான் ரெண்டு கொடத்துலயே அத்தன கொண்டாருவனே" என்றார்.

"எத்தனை நடைம்மா ஒரு நாளைக்கு?" என்று கேட்டேன்.

யாரும் அதுவரை கேட்டதில்லை போலும். விரலை மடக்கி யோசித்தார். விடியற்காலை மூன்று நடை, மாட்டுக்கு இரண்டு, சாயங்காலம் மூன்று. எட்டு நடை, நடைக்கு இரண்டு குடம். ஒரு குடம் 15 லிட்டர், பித்தளைக் குடத்தின் எடை தோராயமாக 3 கிலோ. காகிதத்தில் கணக்குப் போட்டேன். ஒரு நடைக்கு 36 கிலோ. ஒரு நாளைக்கு 288 கிலோ. ஒரு வருடத்துக்கு ஒரு லட்சத்து ஐயாயிரத்து நூற்றிருபது கிலோ. தண்ணீர் மட்டும். பருத்தியும் தட்டும் பிள்ளைகளும் சேர்க்காமல்.

அந்தத் தாளை அம்மா கையில் வாங்கிப் பார்த்தார். அவருக்கு எழுத்து கொஞ்சம்தான் வரும், எண்கள் நன்றாக வரும். ரொம்ப நேரம் பார்த்தார். பெருமைப்படுவார் என்று நினைத்தேன். "இத்தனையுமா நானு?" என்று மெதுவாகக் கேட்டுவிட்டுத் தாளை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

இதைப் படிக்கிற மாணவிகளிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வீட்டில் ஒரு நாள் உட்கார்ந்து உங்கள் அம்மாவிடம், ஆத்தாவிடம், உங்கள் வீட்டிலும் காட்டிலும் வேலை செய்த பெண்களிடம் கேளுங்கள். எத்தனை குடம், எத்தனை கூடை, எத்தனை நடை. எழுதி வையுங்கள். பிறகு, விருப்பமிருந்தால், உங்களுக்காக ஒரு கம்பியைத் தூக்கிப் பாருங்கள்.

என் பழைய மாணவி இதைப் படித்தால் அவளிடமும் ஒன்று கேட்க வேண்டும். பன்னிரண்டு வருடம் தாமதமாகிவிட்டது. எத்தனை கிலோம்மா தூக்கினாய்?